பழைய கமாரோ, புது இன்ஜின்: விற்கும்போது என்ன சொல்வது?

(வாகனக் கேள்வி பதில்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விற்பனை பற்றியவை. பனி உருகி கராஜ் கதவு திறந்ததும் எங்கள் மிச்சிகன் பக்கம் இது வழக்கம்தான். நீளமான கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்களுக்கும் அதிலேயே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

கேள்வி: சார், என்னிடம் 1969 ஷெவர்லே கமாரோ கூபே இருக்கிறது. 2013இல் வாங்கியபோது அதில் 307 கன அங்குல வி8 இன்ஜினும், இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு ஆட்டோமேட்டிக்கும் இருந்தன. இன்ஜின் புகை தள்ளியதால் இறக்கிவிட்டு, ஷெவர்லே பெர்ஃபார்மன்ஸின் புத்தம் புது எல்எஸ்3 (6.2 லிட்டர், 430 எச்.பி.) ஏற்றினேன். கூடவே ட்ரெமெக் டி56 மேக்னம் ஆறு கியர் மேனுவல். பச்சையாக இருந்த வண்டிக்கு ஆரஞ்சு அடித்து, வெள்ளைப் பட்டை போட்டு, கமாரோவின் வேகமான ரகமான எஸ்எஸ்ஸின் பேட்ஜும் ஒட்டினேன். வண்டி விலையோடு சேர்த்து 84,000 டாலருக்கு ரசீது இருக்கிறது. மகனுக்குக் கல்லூரிச் செலவு வந்துவிட்டதால் விற்க நினைக்கிறேன். பார்க்க வந்தவர், “நம்பர்ஸ் மேட்சிங் இல்லையே” என்று உதட்டைப் பிதுக்கி 45,000க்குக் கேட்டார். என்ன விலை சொல்லலாம்? ஊரில் ஆர்.சி. புத்தகத்தில் மாற்றுவதுபோல இங்கே டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) இன்ஜின் எண்ணை மாற்ற வேண்டுமா? பழைய 307 கராஜ் மூலையில் கிடக்கிறது. எடைக்குப் போட்டுவிடலாமா?
– வாசகர், டிராய், மிச்சிகன்

பதில்: எடைக்குப் போடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் டைட்டில் விஷயத்தை முடித்துவிடலாம். அதில் மாற்ற ஒன்றுமில்லை. ஊர் ஆர்.சி.யில் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் அருகருகே இருக்கும், இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகம் போயாக வேண்டும். இங்கே டைட்டிலில் இருப்பது வின் எண் (ஊர் சேசிஸ் எண் போல, காருக்கான அடையாள எண்) மட்டும். இன்ஜின் எண்ணுக்கு அதில் கட்டமே கிடையாது. ஆனால் எல்எஸ்3 வாங்கிய பில் பத்திரமாக இருக்கட்டும். இது எங்கிருந்து வந்த இன்ஜின் என்று நாளைக்கு ஒருவர் கேட்டால், கடை பில்லும் அதிலுள்ள சீரியல் எண்ணும்தான் பதில்.

அடுத்து, அந்த நண்பர் உதட்டைப் பிதுக்கிய விஷயம். “நம்பர்ஸ் மேட்சிங்” என்றால், கார் ஆலையை விட்டு வெளியே வந்தபோது இருந்த அதே இன்ஜின் இன்றும் இருக்கிறது என்று பொருள். உங்கள் காரில் டேஷ்போர்டின் மேல், டிரைவர் பக்கம், முன்கண்ணாடி வழியாகத் தெரியும் தகட்டைப் பாருங்கள். அதில் இருப்பதுதான் வின் எண், 13 இலக்கங்கள் இருக்கும். 124 என்று தொடங்கினால் வி8 கமாரோ, 123 என்றால் ஆறு சிலிண்டர். அடுத்து வரும் 37 கூபேவைக் குறிக்கும், 67 என்றால் கன்வர்டிபிள். அதற்குப் பின் 1969ஐக் குறிக்க ஒரு 9. அப்புறம் ஓர் எழுத்து: ‘என்’ என்றால் ஒஹையோவின் நார்வுட் ஆலை, ‘எல்’ என்றால் கலிபோர்னியாவின் வான் நைஸ். மீதி ஆறும் வரிசை எண். அந்தத் தகடு சொல்வது இவ்வளவுதான். கார் எஸ்எஸ்ஸா, பந்தய ரகமான இசட்28ஆ, சாதாரண கூபேவா என்று அது வாய் திறக்காது. பேட்ஜ் ஒட்டிய போலி எஸ்எஸ்கள் இத்தனை நடமாடுவதற்கு அந்த மௌனமே காரணம்.

அதனால் வாங்குபவர் அடுத்ததாக இன்ஜின் பிளாக்கைப் பார்ப்பார். பழைய சிறு பிளாக் ஷெவியில், முன்பக்கம், பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், இரண்டு விரல் அகலத்தில் ஒரு தட்டையான மேடை இருக்கும். இன்ஜின் எந்த ஆலையில், எந்தத் தேதியில் செய்யப்பட்டது, எந்த வகை என்பதற்கான குறியீட்டை அதில் அடித்திருப்பார்கள். வின் எண்ணின் பின்பகுதியும் அந்த மேடையிலோ, ஆயில் ஃபில்டருக்கு மேலேயோ இருக்கும். மூலையில் கிடக்கும் 307இல் இதைத் தேடுங்கள். பிரேக் கிளீனர் அடித்துப் பழைய துணியால் துடைத்தால் போதும். கம்பி பிரஷ் வேண்டாம், உப்புத்தாள் கண்டிப்பாக வேண்டாம். அந்த மேடையில் முடி போல மெல்லிய இணைகோடுகள் தெரியும். ஆலையில் கடைசலின்போது விழுந்த கோடுகள் அவை. எண்ணைப் படிக்கிறேன் என்று தேய்த்துக் கோட்டை அழித்துவிட்டால், அசல் எண்ணையே போலி என்பார்கள். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் படம் எடுங்கள், எழுத்து எழும்பித் தெரியும். அதில் உள்ள வரிசை எண் டேஷ்போர்டுத் தகட்டோடு ஒத்துப்போனால், அந்த இன்ஜின் இந்தக் காரோடு பிறந்தது. தனியாக விற்றால் 307க்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. ஆனால் “ஒரிஜினல் இன்ஜினும் பவர்கிளைடும் காரோடு சேர்த்துத் தரப்படும்” என்ற வரி விளம்பரத்தில் இருந்தால் வாங்குபவருக்கு ஒரு தெம்பு. வேண்டுமானால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்று மனசு சொல்லும். யாரும் மாற்றப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

இதே கதை அந்த மேடையில் ‘டிஇசட்’ என்ற குறியீடு இருந்திருந்தால் தலைகீழ். அது 1969 இசட்28க்கு வந்த 302 இன்ஜின். அதைக் கழற்றி எல்எஸ் போட்டேன் என்று எழுதியிருந்தால் இந்தப் பதிலை வேறு தொனியில் தொடங்கியிருப்பேன். அதே ஆண்டில் அலுமினிய 427 இன்ஜினோடு இசட்எல்1 என்ற பெயரில் மொத்தமே 69 கமாரோக்களை மட்டும் செய்தார்கள். அப்படிப்பட்ட காரில் ஒரு போல்ட்டை மாற்றக்கூட மனிதர்கள் யோசிப்பார்கள். உங்களுடையது 307. அந்த ஆண்டு மட்டும் 2,43,000க்கு மேல் கமாரோக்கள் வெளிவந்தன. கடைக்குப் போகவும் வேலைக்குப் போகவும் மக்கள் ஓட்டிய சாதாரணக் கார்களில் ஒன்று உங்களுடையது. இன்ஜினை மாற்றியதால் வரலாறு ஒன்றும் அழிந்துவிடவில்லை. ஆகவே ‘மேட்சிங் இல்லை’ என்று உங்கள் தலையில் கிட்டத்தட்ட 40,000 டாலர் தள்ளுபடி ஏற்றுவது பேரத் தந்திரம். அவர் தேடுவது வேறு கார் என்றால் அதைத் தேடிக்கொள்ளட்டும்.

ஆனால் 84,000ம் வராது. நகைக்கடையில் பழைய நகையைக் கொடுத்தால் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வருமா? அதே கணக்கு. டி56 கிளட்ச் பெடலைப் பொருத்த ஃபயர்வாலில் ஓட்டை போட்டதற்கும், கியர் லீவருக்காகத் தரையை வெட்டித் தைத்ததற்கும் நீங்கள் கொடுத்த கூலி வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாது. ரசீதுகளைக் காட்டுங்கள், அவை வேலை நடந்ததற்கு அத்தாட்சி. ரசீதுகளைக் கூட்டி விலை சொல்லாதீர்கள்.

இன்னொன்று, அந்த எஸ்எஸ் பேட்ஜ். தயவுசெய்து கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் விளம்பரத்தின் இரண்டாவது வரியிலேயே “இது எஸ்எஸ் அல்ல, பேட்ஜ் மட்டும்” என்று எழுதுங்கள். உங்கள் ஃபயர்வாலில், பானட்டைத் திறந்தால் தெரியும் சின்னத் தகட்டில் வண்டியின் பெயின்ட் குறியீடு இருக்கும். பச்சை என்கிறீர்கள், ஃபேத்தம் கிரீன் என்றால் 57. ஹக்கர் ஆரஞ்சு 72. ஆரஞ்சு வண்டியில் 57ஐப் பார்த்ததும் விவரம் தெரிந்தவர் ‘இன்னும் எதையெல்லாம் மாற்றியிருக்கிறார்’ என்று தேட ஆரம்பித்துவிடுவார். நிறம் மாறியது குற்றமில்லை. நீங்களே முதலில் சொல்லியிருந்தால் அது ஒரு தகவல். அவராகக் கண்டுபிடித்தால் அதுவே புகார்.

சரி, இந்தக் காரை யார் வாங்குவார்? ஆலையிலிருந்து வந்தபடியே வேண்டும் என்பவர் வாங்க மாட்டார், அவரோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். 1969இன் உடம்பு வேண்டும், ஆனால் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆக வேண்டும், ஏசி வேலை செய்ய வேண்டும், நெடுஞ்சாலையில் 75 மைலில் போனாலும் பேச்சு காதில் விழ வேண்டும் என்பவர்தான் உங்கள் ஆள். இந்த வகைக் காரை இங்கே ரெஸ்டோமாட் என்கிறார்கள். எல்எஸ் இன்ஜின் குடும்பம் 1997இல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் எல்எஸ்1 ஆக வந்தது. அடக்கமான உடம்பு, அலுமினியம், பழைய ஷெவியின் பானட்டுக்குள் அதிக வெட்டு ஒட்டு இல்லாமல் உட்காரும் அளவு. இவற்றால் மாற்று இன்ஜின் என்றாலே பாதிப் பேர் எல்எஸ் என்று சொல்லும் நிலை வந்துவிட்டது. உதிரி எங்கும் கிடைக்கும், தெரிந்த மெக்கானிக் எங்கும் இருப்பார். உங்கள் விளம்பரத்தில் இது பெரிய பலம்.

எச்.பி.யைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. 1971 வரை விளம்பரங்களில் வந்த பழைய எண்கள் பெரும்பாலும் ‘கிராஸ்’ கணக்கு: ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் போன்ற சுமை இல்லாமல், இன்ஜினை மேசையில் வைத்து அளந்தது. உங்கள் 307க்குப் போட்டிருந்த 200 எச்.பி.யும் அப்படித்தான். 1972 முதல் ‘நெட்’ கணக்கு வந்தது. புது இன்ஜினின் 430 நெட் கணக்கைச் சேர்ந்தது, அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘இரண்டு மடங்கு’ என்று எழுதினால் உங்களுக்கே நஷ்டம். வித்தியாசம் அதைவிடப் பெரியது. டைனோவில் (சக்கரத்துக்கு வரும் சக்தியை அளக்கும் கருவியில்) ஏற்றினீர்களா? ஏற்றியிருந்தால் அந்தத் தாளை இணையுங்கள். பின்சக்கரத்தில் 360, 370 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். கியர்பாக்ஸும் ஆக்சிலும் தின்றது போக வந்த கணக்கு அது.

நீங்கள் எழுதாமல் விட்ட விஷயங்கள்தான் விலையை முடிவு செய்யும். பின் ஆக்சிலை மாற்றினீர்களா? 307 காரில் ஆலையில் வந்தது பலம் குறைந்த பத்து போல்ட் ஆக்சில். 430 எச்.பி.யும் ஆறு கியரும் ஏற்றிவிட்டு அதை அப்படியே விட்டிருந்தால், விவரம் தெரிந்தவர் காருக்கு அடியில் குனிந்ததும் விலையிலிருந்து அதைக் கழித்துவிடுவார். பன்னிரண்டு போல்ட்டோ, ஃபோர்டு ஒன்பது அங்குலமோ போட்டிருந்தால் தலைப்பிலேயே போடலாம். பிரேக் இன்னும் நான்கு சக்கரத்திலும் டிரம்தானா? அப்படியென்றால் விற்கும் முன் முன்சக்கரத்துக்காவது டிஸ்க் போடச் சொல்வேன். விலைக்காக அல்ல, சோதனை ஓட்டத்தில் யாரும் அடிபடக்கூடாது என்பதற்காக.

அடுத்து பெட்ரோல் லைன். கார்புரேட்டருக்கு ஐந்தாறு பவுண்டு அழுத்தம் போதும். எல்எஸ்3க்கு 58 பவுண்டு வேண்டும். பழைய ரப்பர் குழாயில் சாதாரணத் திருகு கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தால் அது தீப்பிடிக்கும் வேலை. அதைப் பார்த்த ஆள் மற்ற வேலையையும் நம்ப மாட்டார். டேங்க்குக்குள் பம்ப், இன்ஜெக்ஷனுக்கான குழாய், ஒழுங்கான இணைப்பு, இவை மூன்றையும் படம் எடுத்துப் போடுங்கள்.

வயரிங்கை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த இன்ஜின் மாற்றங்களில் பாதி அங்கேதான் சந்தி சிரிக்கும். பானட்டுக்குள் பளபளப்பு இருக்கும். டேஷ்போர்டின் கீழே தலையை நுழைத்துப் பார்த்தால் கறுப்பு டேப் சுற்றிய கொத்து ஒன்று தொங்கும், எந்த ஒயர் எங்கே போகிறது என்று செய்தவருக்கே தெரியாது. நீங்கள் செய்ய வேண்டியது: ஃபயர்வாலில் ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள், கூர்மையான தகரம் ஒயரைத் தின்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு ஃபியூஸும் ரிலேயும் எதற்கு என்று ஒட்டுத்தாளில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். அரை மணி வேலை. வாங்க வருபவர் அதைப் பார்த்தவுடன் முகம் மாறுவதைக் கவனியுங்கள்.

இன்ஜின் கம்ப்யூட்டரில் ஏற்றிய ட்யூன் (இன்ஜின் அமைப்பு) கோப்பும் வேண்டும். யாராவது கடையில் செய்திருந்தால் அதை வாங்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். சில ட்யூனர்கள் பூட்டுப் போட்டுவிடுவார்கள். அப்படிப் பூட்டியிருந்தால் அடுத்த உரிமையாளர் சின்னத் திருத்தத்துக்கும் அதே கடைக்குத்தான் ஓட வேண்டும். பூட்டு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பார்க்க வருகிறேன் என்று நேரம் சொன்னால், அவர் வரும் முன் இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள். அனுபவசாலி வந்ததும் பானட்டில் கை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் ‘குளிரில் ஸ்டார்ட் ஆகாது போல’ என்று முடிவு கட்டிவிடுவார். சாவியை அவர் கையிலேயே கொடுத்துத் திருப்பச் சொல்லுங்கள். எல்எஸ் விற்கும் ஆளுக்கு இதைவிட நல்ல பேச்சு கிடையாது.

விலை? நேரில் பார்க்காமல் சொல்வது ஜோசியம். ஆனாலும் கேட்டீர்கள். ஆக்சில், பிரேக், வயரிங் மூன்றும் சரியாக இருந்து, அடித்தட்டில் துரு இல்லையென்றால் 70,000 சொல்லி 60க்கு மேல் எங்கு நின்றாலும் கை கொடுங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் ஐம்பதுகளில்தான் நிற்கும். விளம்பரங்களில் மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்க்க வேண்டாம், அது ஆசை. பிரிங் எ ட்ரெய்லர் போன்ற ஏலத் தளங்களில் முடிந்த ஏலங்களின் விலை வெளிப்படையாகக் கிடக்கிறது. விற்காமல் போனவையும், எத்தனை டாலரில் நின்றன என்பதும் தெரியும். எல்எஸ் ஏற்றிய 1969 கமாரோக்களாகப் பார்த்து, புகைப்படங்களோடு ஒப்பிட்டு, மனசாட்சியோடு உங்கள் வண்டியை அந்த வரிசையில் வையுங்கள். அசல் நிலையில் உள்ள கார்களுக்கான விலைப் புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் குழப்பம்தான்.

அந்தத் தளத்தில் விற்பதென்றால் ஒரு வாரம் லீவு போட்டது போல உட்கார வேண்டும். கீழே கருத்து எழுதும் கூட்டம் ஒவ்வொரு திருகையும் கேள்வி கேட்கும். பதில் சொல்லாத விற்பனையாளருக்கு ஏலம் ஏறாது. அந்தப் பொறுமை இல்லையென்றால் ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை வரை காத்திருங்கள். உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வுட்வர்ட் டிரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம். 1995இல் தொடங்கியது, இப்போது அந்தச் சாலை முழுக்கப் பழைய கார்கள்தான். கண்ணாடியில் ‘விற்பனைக்கு’ அட்டை வைத்து ஓரமாக நாற்காலி போட்டு உட்காருங்கள். கை வைத்துப் பார்க்கிற கூட்டம் அதிகம், காசு எடுக்கிற கூட்டம் குறைவு. ஆனால் ஒரு ஆள்தானே வேண்டும்?

கேள்வி: என்னுடையது 1969 போன்டியாக் ஜிடிஓ. அசல் 400 இன்ஜின் எப்போதோ வெடித்துப் போய், இப்போது இருப்பது வேறு காரிலிருந்து வந்த 400. தெரிந்த மெஷின் ஷாப்காரர், “மேடையை இழைத்து உன் வின் எண்ணை அடித்துத் தருகிறேன், யாருக்கும் தெரியாது” என்கிறார். செய்யலாமா?
– வாசகர், கொலம்பஸ், ஒஹையோ

பதில்: கூடாது. அசல் இன்ஜின் என்று காட்டி அதிக விலைக்கு விற்பது மோசடி, வழக்கு வந்தால் மெஷின் ஷாப்காரர் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார். ‘யாருக்கும் தெரியாது’ என்பதும் பொய். பிளாக் வார்த்த தேதி கார் தயாரான தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் ஒரு நிமிடத்தில் பிடிபடும். அடித்த எழுத்தின் வடிவமும் ஆழமும் காட்டிக்கொடுக்கும்.

உங்களுக்கு அந்தப் பித்தலாட்டமே தேவையில்லை. கமாரோக்காரருக்கு இல்லாத வசதி உங்களுக்கு உண்டு. 1969 போன்டியாக்கின் வின் 242 என்று தொடங்கினால் அது பிறவி ஜிடிஓ, பேட்ஜ் ஒட்டி வந்ததில்லை. தவிர, போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸில் பணம் கட்டினால் உங்கள் வின் எண்ணுக்கான ஆலை பில்லின் நகலும் கிடைக்கும். எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ், என்னென்ன ஆப்ஷன் எல்லாம் அதில் இருக்கும். ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்கு 1967 முதலான கார்களுக்கு மார்ட்டி ரிப்போர்ட் என்ற இதே மாதிரி ஆவணம் இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற ஷெவர்லேக்களுக்குத்தான் இந்தப் பாக்கியம் இல்லை. சீட்டுக்கடியிலும் டேங்க் மேலேயும் ஆலைத் தாள் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டியதுதான்.

“பிறவி ஜிடிஓ, ஆவணம் உண்டு, இன்ஜின் அதே வகை, அசல் அல்ல” என்று எழுதுங்கள். நல்ல விலை போகும்.

கேள்வி: நாங்கள் நெவாடாவில் இருக்கிறோம். 1978 போன்டியாக் ஃபயர்பேர்டில் எல்எஸ் இன்ஜின் போட்டிருக்கிறோம். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஒருவர் கேட்ட விலைக்கே வாங்குகிறேன் என்கிறார். கணவர் உடனே கொடுத்துவிடலாம் என்கிறார், எனக்குத் தயக்கமாக இருக்கிறது.
– வாசகி, ஹெண்டர்சன்

பதில்: உங்கள் தயக்கம்தான் சரி அம்மா. கலிபோர்னியாவில் 1975 மாடல் வரை புகைச் சோதனையிலிருந்து விலக்கு. உங்களுடையது 1978, மூன்றே வருடத்தில் சிக்கிக்கொண்டது. அங்கே பதிவு செய்ய வேண்டுமென்றால், போட்ட இன்ஜின் காரின் ஆண்டுடையதாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும், அந்த இன்ஜினோடு வந்த கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ளிட்ட மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒன்று விடாமல் இருக்க வேண்டும். இதை ‘ரெஃபரி’ என்ற அதிகாரப்பூர்வச் சோதனையாளர் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஹெடர் (மாற்றுப் புகைக்குழாய்) மாட்டி, கன்வர்ட்டரைக் கழற்றி வீசிய வண்டி என்றால் அங்கே நம்பர் கிடைக்காது.

அந்தச் செலவும் அலைச்சலும் வாங்குபவர் தலையில்தான் விழும். பிறகு ‘சொல்லவே இல்லை’ என்று உங்களைத்தான் திட்டுவார். ஆகவே என்னென்ன கருவிகள் இருக்கின்றன, எவை இல்லை என்று எழுதி, “கலிபோர்னியாப் பதிவுக்கு நாங்கள் பொறுப்பல்ல, ரெஃபரி விதிகளைப் பார்த்துக்கொள்ளவும்” என்று விற்பனைத் தாளிலேயே சேர்த்து அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதற்குப் பின்னும் வாங்கினால் அவர் விருப்பம். தயங்கினால் அரிசோனாக்காரர் யாராவது வருவார்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் மூலம் இப்படி இன்ஜின் மாற்றிய மஸ்டாங் ஒன்றை வாங்கி ஊருக்குக் கொண்டுவர ஆசை. முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஆசை நல்ல ஆசை, கார் தவறான கார். 2021இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய, அசல் வடிவத்தில், பெரிய மாற்றம் செய்யாமல் வைத்திருக்கும் வண்டிதான் விண்டேஜ் என்று பதிவாகும். ஃபோர்டின் இக்கால கோயோட்டி இன்ஜின் ஏற்றி, அதற்கு இடம் விடுவதற்காக முன் சஸ்பென்ஷனையே வெட்டி மாற்றிய மஸ்டாங் எந்த வாதத்திலும் ‘அசல் வடிவம்’ ஆகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவும் தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை விடாது. விண்டேஜாகப் பதிவானாலும் தினசரி ஓட்ட அனுமதி இல்லை. மேற்கொண்டு சுங்க வரி. இடதுபக்க ஸ்டீயரிங்கோடு பொள்ளாச்சி ரோட்டில் லாரியை முந்துவதை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது.

கொண்டுவந்தே தீர வேண்டுமென்றால் இன்ஜின் மாறாத, ஆவணம் உள்ள, சாதாரண மஸ்டாங்காகப் பாருங்கள், முதல் பணத்தைச் சுங்க ஏஜென்டுக்குக் கொடுங்கள், கார்காரருக்கு அப்புறம். பார்க்கும் ஆசை மட்டும் என்றால் உங்கள் அவினாசி ரோட்டிலேயே ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது.

கேள்வி: 1970 ஷெவர்லே ஷெவெல் விற்பனைக்குப் போட்டேன். அரை மணியில் ஒருவர் செய்தி: “விலை சம்மதம், இந்த இணையதளத்தில் வின் ரிப்போர்ட் எடுத்து அனுப்புங்கள், கேஷியர்ஸ் செக் (வங்கியே எழுதித் தரும் செக்) அனுப்புகிறேன், வண்டியை என் டிரக்காரர் எடுத்துக்கொள்வார்.” நம்பலாமா?
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: ஒரே செய்தியில் மூன்று பொறி வைத்திருக்கிறார், திறமைசாலி. இன்று நாம் பார்க்கும் 17 இலக்க வின் 1981 மாடலிலிருந்துதான் வந்தது. உங்கள் ஷெவெலுக்கு 13 இலக்கம். வழக்கமான ரிப்போர்ட் தளங்களில் அது ஏறவே ஏறாது. பழைய கார் வாங்கும் எவருக்கும் இது தெரியும். தெரியாமல் ஒரு குறிப்பிட்ட தளத்தின் முகவரியைக் கொடுத்து அங்கேதான் எடுக்க வேண்டும் என்பவருக்கு வேண்டியது உங்கள் கிரெடிட் கார்டு எண்.

கேஷியர்ஸ் செக் கையில் இருக்கிறது, வங்கியும் கணக்கில் வரவு வைத்துவிட்டது என்பதால் அது நல்ல செக் ஆகிவிடாது. போலி என்று தெரிய நாட்கள் ஆகும், அதற்குள் ஷெவெல் எல்லை தாண்டிவிடும். விலையை விடக் கூடுதலாக அனுப்பி ‘மீதியை டிரக்காரருக்குக் கொடுங்கள்’ என்றால் சந்தேகமே வேண்டாம்.

உண்மையான வாங்குபவர் வந்தால், அவர் வங்கியிலேயே சந்தியுங்கள். கவுன்ட்டரில் உங்கள் கண் முன்னால் செக் எழுதட்டும், அல்லது உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் (ஒயர்) அனுப்பட்டும். பணம் உறுதியான பிறகு டைட்டிலில் கையெழுத்து. சோதனை ஓட்டத்துக்கு அவருடைய லைசென்ஸையும் இன்ஷூரன்ஸையும் படம் எடுத்துவிட்டு, நீங்கள் பக்கத்து சீட்டில் உட்காருங்கள். முதல் சுற்றை நீங்களே ஓட்டிக் காட்டுவது இன்னும் நல்லது. கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று தெரியாத காலில் ஷெவெலைக் கொடுக்க வேண்டாம். பணம் வரும் நாள் வரை உங்கள் இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கட்டும்.

முடிந்தால் வாங்கியவரையும் கூட்டிக்கொண்டு கவுன்டி வரி அலுவலகத்துக்கே போய்ப் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் டெக்சாஸில் 30 நாளுக்குள் வண்டி கைமாறியதற்கான அறிவிப்பைப் பதிவு செய்ய வேண்டும், அன்று மாலையே செய்துவிடுங்கள். இல்லையென்றால் அவர் வாங்கும் டோல் பாக்கியும் பார்க்கிங் அபராதமும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். நம்பர் பிளேட்டை வண்டி கிளம்பும் முன் கழற்றிவிடுங்கள். 1970 வண்டி என்பதால் திருகு துருப்பிடித்திருக்கும், முந்தின நாளே எண்ணெய் விட்டு வையுங்கள்.